யாரு என்று கேட்டான் அண்ணன்

ஐப்பசிப் பனி எங்கள் ஜவ்வாது மலையில் தரையிலிருந்துதான் எழும்பும். முதலில் கால் மறையும், பிறகு இடுப்பு, பிறகு ஆள். அப்படி ஆள் மறைந்திருந்த ஒரு விடியலில் என் அண்ணன், எங்கள் பெரியப்பா மகனின் மனைவியை, எங்கள் இருவருக்கும் அண்ணி முறையானவளை, நாட்டுத் துப்பாக்கியால் சுட்டான்.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்து தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தேன். அதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. இருந்தாலும் அப்படியே விட மனசு வரவில்லை.

நடந்தது இது. சாமை முற்றி நின்ற நேரம். காட்டுப்பன்றி ஒரு முறை இறங்கினால் ஒரு வருசத்துச் சோறு போச்சு. அண்ணன் அப்பாவின் துப்பாக்கியோடு கொல்லைக் காவல் பரண் மேல் உட்கார்ந்திருந்தான். புளியமரத்தடியில் சலசலப்பு. எங்கள் ஊரில் சுடுவதற்கு முன் கூப்பிட வேண்டும், அது வழக்கம். மனுசனாக இருந்தால் பதில் வரும். அண்ணன் “யாரு?” என்று கேட்டான். பதில் இல்லை. மறுபடி, சத்தமாக, “யாரு?” பதில் இல்லை. பன்றி என்று முடிவு செய்தான்.

மரத்தடியில் அண்ணி ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். ஈய ரவை மூன்று, கெண்டைக்காலில்.

அலறல் கேட்டு ஓடியவன், அவளை முதுகில் தூக்கிக்கொண்டு தார் ரோடு வரைக்கும் நடந்திருக்கிறான். வழியில் அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் புளியமரம் யாருடையது என்ற தகராறில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நாலு வருசமாகப் பேச்சு இல்லை. ரத்தம் சொட்டச் சொட்ட அந்தப் பேச்சில்லாமையையும் சேர்த்துத்தான் அண்ணன் சுமந்திருக்கிறான்.

நான் போளூரில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். சனிக்கிழமை மட்டும் மலைக்குப் பஸ் ஏறுவேன். சேதி கேட்டு அந்த முறை புதன்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனதே தப்போ என்று வாசலில் குழம்பி நின்றேன். அண்ணி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டிலில் குடல்வால் ஆபரேசன் செய்து படுத்திருந்த ஒரு அம்மாவிடம் திரும்பிக்கொண்டாள்.

“பாத்தியாமா, ஆப்பிள் வந்துகீது. கால்ல ஓட்டை போட்டா ஆப்பிள் தருவாங்கபோல.”

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பேசாதவர்களோடு பேச எங்கள் பக்கம் இப்படி ஒரு வழி உண்டு: நாயிடம் சொல்வார்கள், சுவரிடம் சொல்வார்கள், கேட்க வேண்டியவன் கேட்டுக்கொள்வான்.

நானும் அந்த அம்மாவிடமே கேட்டேன். “அவரு கூப்ட்டது காதுல வுழலியாம்மா?”

“ஏன் வுழாம?” என்றாள் அண்ணி, அந்த அம்மாவின் போர்வையைப் பார்த்து. “ரெண்டு வாட்டி கேட்டுச்சு. கொரலும் தெரிஞ்சுது. நாலு வருசமா மூஞ்சி பாக்காத ஆளு யாருன்னு கேட்டா, நான் இன்னாத்துக்கு வாயத் தொறக்கணும்? எனக்கு ரோசம் இல்லியா?”

ஆப்பிள் பையைக் கட்டில் காலில் மாட்டிவிட்டு வெளியே வந்தேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. துப்பாக்கி மேலா, பனி மேலா, அந்த ரோசத்தின் மேலா?

ஸ்டேஷனிலிருந்து வந்தவர் அவளிடம் யார் சுட்டது என்று கேட்டபோது, “பனிங்க, ஒண்ணுமே தெரியல” என்றாளாம். பார்க்கவில்லை என்பது நிஜம். குரல் காதில் விழுந்ததா என்று அவர் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும், ஊரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இந்தக் கடைசி வாக்கியம்தான் இன்னும் என்னைத் தூங்கவிடாமல் புரட்டுகிறது.

அச்சகத்துக்கு எதிரே டீக்கடை டி.வி.யில் அந்த வாரம் முழுக்க ஏதோ ஒரு பெரிய நகரத்தில் பெருகிவிட்ட துப்பாக்கிச் சூட்டைப் பற்றி விவாதம். ஒருவர் போலீஸைக் கூட்டு என்றார். இன்னொருவர் முதலில் துப்பாக்கியைப் பிடுங்கு என்றார். மூன்றாமவர் அக்கம்பக்கத்து மனிதர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும் என்றார். மூவருக்கும் தலையாட்டினேன். டீ ஆறிப்போனது. உலகமே பார்க்கும் ஒரு நகரத்துக்கே விடை தெரியவில்லை, நாற்பது வீட்டு ஊருக்கு எங்கிருந்து தெரியும்?

ஆனால் எங்கள் ஊருக்குப் போலீஸிடமிருந்து ஒரு நோட்டீஸ் வந்திருந்தது. உரிமம் இல்லாத துப்பாக்கிகளைக் குறிப்பிட்ட நாளுக்குள் கோயில் மேடையில் வைத்துவிட்டால் போதும், பெயர் கேட்க மாட்டார்கள், வழக்கு இல்லை. அது எங்கள் அச்சகத்தில் அடித்ததுதான். அண்ணி அடிபடுவதற்குப் பத்து நாள் முன்னால், ஒரு காதுகுத்துப் பத்திரிகைக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில் வைத்து அதை நான்தான் திருத்தினேன். எங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருக்கிறது என்பது அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை.

கெடுவுக்கு முந்தின நாள் மலைக்குப் போனேன். அதற்குள் அண்ணி காலில் கட்டோடு வீடு திரும்பியிருந்தாள்.

“குட்த்துடுண்ணா,” என்றேன்.

அண்ணன் சாமையை உள்ளங்கையில் தேய்த்து ஊதிக்கொண்டிருந்தான். “குட்த்துட்டு? பன்னி வந்தா உன் நோட்டீஸ காட்டவா? அது படிக்குமா?”

“தகரம் தட்லாம்.”

“தட்டு. போளூர்லேர்ந்து தட்டு.” பிறகு ஊதுவதை நிறுத்தினான். குரல் இறங்கிவிட்டது. “டேய், நீதானே திருத்துன. சுட்ட துப்பாக்கியா, சுடாத துப்பாக்கியான்னு அதுல எதுனா போட்டுகீதா?”

ஒரு வரி விடாமல் அந்த நோட்டீஸ் எனக்கு மனப்பாடம். அப்படி ஒரு வரி அதில் இல்லை. ஏற்கெனவே ரத்தம் பார்த்த துப்பாக்கியை மேடையில் வைத்தால் என்ன ஆகும் என்று எழுதியவருக்கும் தோன்றவில்லை, திருத்தியவனுக்கும் தோன்றவில்லை. ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். எதை வைத்துச் சொல்வது? ஜெயில் என்று அவன் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம். வைத்துக்கொண்டால் அடுத்த பனியில் அடிபடுவது யார் என்பதும் மனசுக்குள் வந்து நின்றது.

மறுநாள் விடிந்ததும் பார்த்தால், அண்ணன் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டியிருந்தான். “வர்றியா?” என்றான், அவ்வளவுதான். நானும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் அவிழ்த்துவிடுவானோ என்று பயம்.

கோயிலுக்குக் குறுக்கு வழி அந்தப் புளியமரத்தை ஒட்டித்தான். பனி இடுப்பளவு. மரத்தடியில் கிளை முறிகிற சத்தம்.

அண்ணன் நின்றான். பழக்கம், வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. “யாரு?”

பதில் இல்லை.

சாக்கில் சுற்றியது, ரவை போடாதது, அவன் தோளில் ஆடத் தொடங்கியது. “யாரு?” என்றான் மறுபடி. கேள்விபோலவே இல்லை, கெஞ்சல்போல இருந்தது.

பனிக்குள்ளிருந்து அண்ணியின் குரல்.

“ஏ மரமே, மனுசிதான்னு சொல்லு. மீதி ஒரு கால்தான் கீது, அதையாவது வுட்டுவெக்கச் சொல்லு.”

அண்ணன் மரத்துப் பக்கம் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். “டேய், துப்பாக்கிய கோயில்ல வெக்கப் போறோம்னு சொல்லுடா.”

யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நானும் மரத்தைப் பார்த்தே சொன்னேன். “துப்பாக்கிய வெக்கப் போறோம்.”

தழை உதறுகிற சத்தம். “அப்ப நின்னுகிட்டு இன்னா பண்றாங்களாம்? போலீஸ் ஜீப் வர்ற நேரம். போய்ட்டு வரச் சொல்லு மரமே.”

மேடையில் ஏற்கெனவே ஐந்தாறு கிடந்தன, சிலது சாக்கில், ஒன்று பழைய சேலையில். அண்ணன் எங்களுடையதை ஓரமாகச் சாய்த்து வைத்தான். சரிந்தது. எடுத்து மறுபடி சாய்த்தான். ஜீப் வரும்வரை நிற்கலாமா, போய்விடலாமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நின்றால் கேட்பார்களோ, போனால் ஓடியதுபோல் ஆகுமோ.

“அவ சொல்லாதத நான் போய் சொல்லணுமாடா?” என்றான்.

கீழே வளைவில் ஜீப் ஏறுகிற சத்தம் கேட்டது. அண்ணன் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.