தையல் மிஷினுக்குப் பதில் வந்த துப்பாக்கி

ஐம்பத்து நான்காம் வருஷக் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கியபோது, புதுச்சேரியில் பாதி வீடுகளில் நாற்காலியும் மேசையும் சேர்ந்தன. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பியானோ சேர்ந்தது. வாசிக்க யாருக்கும் தெரியாததால் அதன்மேல் நெல் மூட்டையை அடுக்கினார்கள். என் வீட்டில் துப்பாக்கி சேர்ந்தது.

நான் துவானில், அதாவது சுங்க ஆபீசில், எழுத்தராக இருந்தேன். என் மேலதிகாரி கப்பலேறுவதற்கு முன் என்னை வீட்டுக்கு அழைத்து, கூடத்தில் மிஞ்சியிருந்ததைக் காட்டி, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான்கு பொருள்கள் இருந்தன. ஒரு தையல் மிஷின், ஒரு கண்ணாடி விளக்கு, ஒரு கால் ஆடும் சாய்வு நாற்காலி, ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி. தையல் மிஷின் அங்கே இருப்பது என் மனைவிக்கு முன்பே தெரியும். அந்த வீட்டுச் சமையல்காரி மாதா கோயில் பூசை முடிந்து வரும்போது சொல்லியிருக்கிறாள். அன்று காலை நான் கிளம்பும்போதே மனைவி ஜன்னலோரம் மிஷினுக்கு இடம் ஒழித்து வைத்திருந்தாள்.

ஏன் துப்பாக்கியை எடுத்தேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். ஆறு வருஷம் ஞாயிறுதோறும் அந்த அதிகாரி ஊசுட்டேரிக்கு உள்ளான் குருவி சுடப் போகும்போது பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவன் நான். அவர் சுட்டு வீழ்த்தியதையும் தவறவிட்டதையும் மனதிலேயே எண்ணி வைத்திருந்தேன். தவறவிட்டதுதான் அதிகம். அதே இடத்தில் நான் நின்றால் எத்தனை விழும் என்று பார்க்க விரும்பினேன். இதைவிட நியாயமான ஆசை ஒரு எழுத்தருக்கு இருக்க முடியாது.

கான்வாஸ் உறையோடு நான் வாசலில் நுழைந்ததும் மனைவி பின்னால் எட்டிப் பார்த்தாள், வண்டியில் வேறு ஏதாவது வருகிறதா என்று.

“மிஷின் எங்க?”

“இதுவும் மிஷின்தான். பிரான்சுல செஞ்சது.”

அவள் உறையை அவிழ்க்கச் சொன்னாள். குழலை மேலும் கீழும் பார்த்தாள்.

“இதுல எந்தப் பக்கம் நூல் கோக்கணும்? சொல்லுங்க, கத்துக்கறேன்.”

அன்றிலிருந்து அவள் சொன்ன ஆட்சேபங்கள் மொத்தம் ஏழு. ஞாயிற்றுக்கிழமை பூசை தவறுகிறது, எட்டு வயதுப் பெண் இருக்கிற வீடு, எண்ணெய் நாற்றம், உறவுக்காரர்கள் வரப் பயப்படுகிறார்கள், குருவியில் கறியே இல்லாமல் எலும்புதான், சுட்டால் பாவம் சுடாவிட்டால் வெட்டிச் செலவு. ஏழாவது, தையல் மிஷின். எந்த வாதத்தில் தொடங்கினாலும் ஏழாவதில்தான் முடியும்.

என் பேச்சு எடுபடவில்லை என்று கோயிலுக்குப் போய்ச் சாமியாரை அழைத்துவந்தாள். நல்ல கண்டிப்பான சாமியார். பாவசங்கீர்த்தனத்தில் எனக்கு எப்போதும் மற்றவர்களைவிட இரண்டு செபம் கூடுதலாகக் கொடுப்பவர். அவர் உட்கார்ந்து, துப்பாக்கியைக் கொண்டுவரச் சொல்லி, அதை மடித்துத் திறந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் குழலுக்குள் பார்த்தார்.

“சுத்தமா வச்சிருக்கீரு” என்றார். “உள்ளான் கெடைக்குதா?”

“கெடைக்குது சாமி.”

“ரெண்டாம் பூசைக்குப் பிந்தாம வந்துடணும். அது முக்கியம்.”

மதியம் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறிலிருந்து சாமியார் பங்களாவுக்கு இரண்டு குருவி போயிற்று. என் மனைவி அதன்பின் அந்தச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. வேறு கோயிலுக்குப் போனாள்.

புதிய நிர்வாகம் லைசென்ஸ் கேட்டது. வாங்கினேன். ஐம்பது தோட்டா வரை வைத்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு ஒருமுறை சிவப்புத் தொப்பிக் கான்ஸ்டபிள் ஒருவர் வந்து துப்பாக்கியைப் பார்த்து, தோட்டாவை எண்ணிவிட்டுப் போவார். நான் அவருக்கு முன்பே எண்ணி வைத்திருப்பேன். ஆனாலும் அவர் எண்ணி முடிக்கும்வரை நானும் கூடவே உதட்டுக்குள் எண்ணுவேன்.

இப்படி வீட்டுக்குள் தனியாளாக நான் நின்றுகொண்டிருந்த காலத்தில், ஐம்பத்தாறில், என் மனைவியின் அண்ணன் திரும்பி வருவதாகத் தகவல் வந்தது. அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, கடைசி வருஷங்களை இந்தோசீனாவில் கழித்தவர். பதினோரு வருஷமாக அவள் தன் அண்ணனைப் பார்த்திருக்கவில்லை. அவர் எங்கள் வீட்டிலேயே தங்கட்டும் என்று நான்தான் முதலில் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டாள். என் தாராளத்தைப் பற்றி அவள் உறவினர்களிடமெல்லாம் சொன்னாள். துப்பாக்கியோடு பதினோரு வருஷம் வாழ்ந்த ஒருவர் வீட்டில் இருந்தால் வாக்கு இரண்டுக்கு ஒன்று ஆகிவிடும் என்ற கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, நெஞ்சில் மூன்று மெடல், காதோரம் நரை. காபி வருவதற்கு முன்பே நான் துப்பாக்கியை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன்.

அவர் அதைத் திறந்தார். உள்ளே ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு மூடினார். அடுத்தவர் வீட்டுக் குழந்தையைத் திருப்பிக் கொடுப்பதுபோல என்னிடம் கொடுத்தார்.

“நல்ல சாமான் மாப்ள” என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார்.

நான் அவர் சொன்னதைக் கவனித்தேன். என் மனைவி அவர் கை கழுவியதைக் கவனித்தாள்.

“ஞாயித்துக்கெழம ஏரிக்கு வர்றீங்களா மச்சான்?”

“வர்றேன். ஆனா நான் சுட மாட்டேன். பை தூக்கிக்கிறேன்.” பிறகு, கொஞ்சம் யோசித்து, “அத நானே தொடச்சி வைக்கிறேன். இங்க கடல் காத்து. துரு ஏறிடும்” என்றார்.

பை தூக்கியவனுக்கு ஒரு பை தூக்கி கிடைத்தார். அதுவும் மூன்று மெடல் வாங்கியவர். ஆபீசில் இதை நான் தேவைக்கு அதிகமாகவே சொன்னேன்.

அந்த ஞாயிறு ஏரியில் உள்ளான்கள் கூட்டமாக எழுந்தன. நான் குறி பார்த்து விசையை இழுத்தேன். டக் என்றது. வெடிக்கவில்லை. இரண்டாவது விசை. டக். குருவிகள் சாவகாசமாக எதிர்க்கரையில் போய் இறங்கின.

“ஈரம் மாப்ள” என்றார் மச்சான். “தோட்டாவுல காத்து பட்டிருக்கும்.”

“டப்பா மூடித்தானே இருந்துது?”

“சைகோன்லயும் இப்படித்தான் ஆவும். ஒண்ணும் பண்ண முடியாது.”

அடுத்த ஞாயிறும் டக். அதற்கடுத்த ஞாயிறும். டப்பாவில் அரிசி போட்டு வைத்தேன். மெழுகு தடவினேன். மாடியில் பாய் விரித்துத் தோட்டாவை வெயிலில் காய வைத்தேன். வற்றல் காயும் பாய்க்குப் பக்கத்தில் அதை வைத்ததைப் பார்த்த என் மனைவி, வற்றல் பாயைக் கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்தாள்.

அதுதான் விசித்திரம். ஏழு ஆட்சேபங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போயின. ஞாயிறு காலை எனக்கு முன் எழுந்து, இரண்டு பேருக்கும் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். “தொப்பி எடுத்துக்குங்க, வெயில் ஏறுது” என்றாள். வெறுங்கையோடு திரும்பினால், “அதுக்கென்னா, அடுத்த வாரம் கெடைக்கும்” என்றாள். பொறுமையால் ஒரு மனைவியை மாற்ற முடியும் என்று நான் ஆபீசில் மற்றவர்களுக்கு யோசனை சொல்லத் தொடங்கியிருந்தேன்.

சாமியாருக்குத்தான் பொறுமையில்லை. கோயில் வாசலில் என்னை நிறுத்தினார்.

“உள்ளான் எல்லாம் எங்க போச்சு?”

“தோட்டா சரியில்ல சாமி.”

“கடைக்காரனுக்கு எழுதிக் கேளும்யா. சும்மா விடலாமா?”

எழுத உட்கார்ந்தேன். புகார் என்றால் குற்றத்தைத் துல்லியமாக விவரிக்க வேண்டும். அது என் தொழில். வெடிக்காத தோட்டாக்களைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். இருபத்திரண்டு. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். தோட்டாவின் பித்தளை அடியில் நடுவே ஒரு செப்புப் பொட்டு இருக்கும். விசையை இழுத்தால் துப்பாக்கிக்குள்ளிருந்து ஒரு எஃகு முள் வந்து அந்தப் பொட்டைக் குத்தும், அப்போதுதான் வெடிக்கும். தோட்டா நமுத்துப் போயிருந்தால் வெடிக்காது, சரி. ஆனால் குத்திய பள்ளம் இருந்தாக வேண்டும். இருபத்திரண்டிலும் பள்ளம் இல்லை. பொட்டு புதுசாக மின்னியது.

துப்பாக்கியைத் திறந்து பார்த்தேன். முள் வரும் இரண்டு துளைகளும் இருந்தன. முள் இரண்டும் இல்லை.

அதைக் கழற்றத் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவர்தான்.

நான் முதலில் சமையலறைக்குத்தான் போனேன். மனைவி வைத்திக்குப்பத்து மீன்காரியிடம் வாங்கிய சங்கராவைச் செதில் உரசிக்கொண்டிருந்தாள்.

“துப்பாக்கில ரெண்டு முள்ளு இல்ல.”

அவள் கை நிற்கவில்லை. “ஆமா. நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

“என் வீட்டுல, என் சாமான...”

“வந்த மூணாம் நாளே பெட்டியக் கட்டிட்டாரு. உங்களுக்குத் தெரியுமா? வேற ரூம் பாக்கறேன், உன் புருஷன்கிட்ட சொல்லாத, சங்கடப்படுவாருன்னாரு. பதினோரு வருசம் கழிச்சி வந்தவரு, மூணு நாள்ல போறேன்னா நான் என்னா பண்ணுவேன்?” இப்போதுதான் நிமிர்ந்தாள். “அது இருக்கிற அலமாரிக்கு முதுகக் காட்டி அவரு ஒருவேள சோறு தின்னிருக்காரா? எல்லாத்தயும் எண்றீங்களே, இத எண்ணினீங்களா?”

எண்ணவில்லை. அவர் சாப்பாட்டுத் தட்டை ஒவ்வொரு நாளும் மேசையின் எதிர்ப்பக்கத்துக்கு நகர்த்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் காற்றுக்காக என்று நினைத்திருந்தேன்.

மச்சான் கூடத்தில் இருந்தார். எங்கள் பேச்சு அவருக்குக் கேட்டிருந்தது. நான் வருவதற்குள் தன் புகையிலை டப்பாவைத் திறந்து, இரண்டு முள்ளையும் மேசைமேல் வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஒரு தீக்குச்சி நீளம்கூட இல்லை.

“போட்டுக் குடுத்துடறேன் மாப்ள. அஞ்சு நிமிச வேல. கோரிமேட்டுப் பக்கம் ஒரு ரூம் சொல்லி வச்சிருக்கேன். கோவமில்ல. உன் வீடு, உன் சாமான்.”

“நேரா கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருந்தா குடுத்திருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான்.”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. “பட்டாளத்துல அத்தன வருசம் இருந்தவரு. ரெண்டு குருவி சுடறதுக்கு...”

“குருவிக்கு இல்ல. சத்தத்துக்கு.” அவர் முட்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். “ஒரு வெடி கேட்டுச்சின்னா, யார் யார் எழுந்திரிக்கலன்னு எண்ண ஆரம்பிச்சுடறேன். நீ எண்ற மாரிதான். பேர் பேரா. எனக்கு நிறுத்தத் தெரியல மாப்ள.”

சமையலறையில் செதில் உரசும் சத்தம் நின்றிருந்தது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவள் அங்கே நின்று காத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

இரக்கத்தால் நான் முடிவெடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். நான் எழுத்தர். எனக்கு முதலில் தோன்றியது லைசென்ஸ்தான். லைசென்ஸ் துப்பாக்கிக்கு. முள் இல்லாவிட்டால் அது இரும்புக் குழாய். கான்ஸ்டபிள் வந்து விசையை இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டால் என்ன சொல்வது? என் பெயர் கெடும், லைசென்ஸ் போகும், ஆறு வருஷம் பை தூக்கியதற்கு அடையாளமாக எதுவும் மிஞ்சாது. இதையெல்லாம் அவரிடம் விளக்கமாகச் சொன்னேன்.

“அதனால,” என்றேன், “வருசத்துல ஒரு நாள், கான்ஸ்டபிள் வர்ற அன்னைக்கு மட்டும், அது உள்ள இருக்கணும். மத்த நாள்ல எங்க இருந்தா எனக்கென்னா?”

மச்சான் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முட்களை டப்பாவில் போட்டு மூடினார். “மெர்சி மாப்ள” என்றார். சமையலறையில் மறுபடி செதில் உரசும் சத்தம் கேட்டது, முன்னைவிட வேகமாக.

கோரிமேட்டு ரூமுக்கு வேறு யாரோ குடிபோனார்கள். ஞாயிறுகளில் நாங்கள் இருவரும் ஏரிக்குப் போவது நிற்கவில்லை. நான் குறி பார்ப்பேன், டக் என்னும், அவர் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிப்பார். கரையில் எங்களைப் பார்த்தவர்கள் நான் மோசமான வேட்டைக்காரன் என்று பேசிக்கொண்டார்கள். அது என் மேலதிகாரிக்கும் பொருந்தும் என்பதால் நான் பொருட்படுத்தவில்லை. சாமியார் கோழிக்கு மாறினார்.

அறுபத்திரண்டு வரை கான்ஸ்டபிள் ஆறு முறை வந்தார். அந்த ஒரு நாள் மச்சான் விடியும்போதே முட்களைப் பொருத்திவிட்டு, நோணாங்குப்பத்துக்குப் போய் ஆற்றில் படகுக்காரர்களோடு உட்கார்ந்துவிடுவார். பொருத்துவதோடு அவர் வேலை முடிந்தது. கழற்ற அவர் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று என் மனைவி அவரிடமே கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தாள்.

கான்ஸ்டபிள் துப்பாக்கியைத் திறந்து பார்ப்பார். மூடுவார். விசையை இழுத்துச் சத்தத்தைக் கேட்பார். தோட்டாவை எண்ணுவார்.

“போன வருசமும் இதே கணக்குத்தானே முசே? ஒண்ணுகூடச் சுடலையா?”

“வீட்டுல பிடிக்காது” என்பேன்.

அவர் உள்பக்கம் திரும்பிப் பார்த்து, புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டுப் போவார். அவருடைய சைக்கிள் தெருமுனை திரும்பும்போது என் மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்திருப்பாள்.

“குடுங்க இப்படி” என்று துப்பாக்கியை வாங்கி மடியில் சாய்த்துக்கொண்டு, சின்ன திருப்புளியைக் கையில் எடுப்பாள்.