டிரில் டீச்சர் சுமந்த சதுரங்கம்

மேற்குத் தாம்பரத்தில் ஜெயசீலி டீச்சரின் சைக்கிள் மணி கேட்டால் காக்கைகூட ஒதுங்கி வழிவிடும். பள்ளியில் அவர் டிரில் டீச்சர். பள்ளி விட்டதும் சர்ச் பெண்கள் நடத்திய துணைச் சங்கத்துக்குப் பறப்பார். டாக்டர்கள் கைவிரித்துவிட்ட நோயாளிகளின் உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டி, பேச்சுத்துணையாக இருப்பதுதான் சங்கத்தின் வேலை. ஊர் அதற்கு வைத்த பெயர் பாடை சங்கம்.

"இன்னா டீச்சர், இன்னிக்கு யாருக்கு டிக்கெட்டு?" என்பார்கள் டீக்கடையில்.

"உம் பேரு ரெண்டாவதா கீதுப்பா. டீயைச் சீக்கிரம் குடி."

அறுபத்தெட்டாம் வருஷத்து மழைக்காலத்தில் லாசரஸ் அவருடைய பொறுப்பில் இருந்தார். ரயில்வே சிக்னல் இலாகாவில் ஓய்வு பெற்றவர். வயிற்றில் புற்று. வலி வந்தால் கட்டில் சட்டத்தைப் பிடிப்பார். அந்தப் பிடியில் தேக்குக் கட்டையே தண்ணீர் விட்டது என்று டீச்சர் பைபிள்மேல் சத்தியம் செய்வார். அப்படியும் நர்ஸ் சாராள் கொண்டுவரும் ஊசியை மனிதர் போட்டுக்கொள்ளவில்லை.

"மூளை மந்தமாயிடும் சிஸ்டர். ஆட்டம் முடியட்டும்."

ஆட்டம் என்றால் செஸ். எதிராளி கிழக்குத் தாம்பரத்து வைத்தீஸ்வரன். அதே இலாகாக்காரர், ஒரு பிரமோஷன் தகராறில் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சாவதற்குள் அவரை ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும் என்பது லாசரஸின் வைராக்கியம். இரு வீட்டிலும் ஆளுக்கொரு பலகை, இடையில் ரயில்வே கேட், நகர்த்தலை வாயால் சுமந்துபோக டீச்சர். செஸ்ஸில் டீச்சருக்கு அரிச்சுவடியும் தெரியாது.

பதினெட்டு நாளாகியும் ஆட்டம் முடிகிற வழியாக இல்லை. லாசரஸ் கடித்துக் கடித்து உதடெல்லாம் ரணம். டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"சார், நீங்க தோத்துடுங்களேன்" என்றார் வைத்தீஸ்வரனிடம்.

"வேணும்னு தோத்தா அவனுக்குத் தெரிஞ்சுடும்மா. சிப்பாய், ஒரு கட்டம். போய்ச் சொல்லு."

திரும்பும் வழியில் கேட் மூடியிருந்தது. சும்மா நின்ற அந்த ஐந்து நிமிஷத்தில்தான் டீச்சருக்குக் குறும்பு முளைத்தது. ராணி போனால் ஆட்டமே போச்சு என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"சார் ராணியை உங்க யானைக்கு எதிர்ல வெச்சுட்டாரு" என்றார் லாசரஸிடம், முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு.

லாசரஸ் பலகையை உற்றுப் பார்த்தார். "நடுவுல சிப்பாய் நிக்கிறானே. ராணி எப்படி வந்தா?"

"தாண்டி வந்திருப்பா."

"குதிரைதான் தாண்டும் டீச்சர்." அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். பிறகு பலகையைத் தள்ளி வைத்தார். "வைத்தி இப்படி ஆடமாட்டான். இனிமே நீங்க எது சொன்னாலும் நான் எப்படி நம்புறது?"

ஆட்டமும் நின்றது; ஊசியும் இல்லை. டீச்சர் சைக்கிளை மிதித்த மிதியில் கிழக்குத் தாம்பரம் இரண்டடி இந்தப் பக்கம் நகர்ந்து வந்தது.

நடந்ததைக் கேட்ட வைத்தீஸ்வரன் குதித்தார். "ராணியைத் தாண்ட வெச்சியா? எம்பேர்லயா? அந்தப் பய நம்பிட்டானா?"

"இல்ல சார். வைத்தி இப்படி ஆடமாட்டான்னு சொல்லிட்டாரு."

வைத்தீஸ்வரன் செருப்பைத் தேடினார். "உன் கேரியர் என்னைத் தாங்குமா?"

"அரிசி மூட்டையையே தாங்கியிருக்கு. உக்காருங்க."

கேட் இறங்கிக்கொண்டிருந்தது. "தலையைக் குனிங்க சார்" என்று டீச்சர் உள்ளே புகுந்தார். பின்னால் கடந்த மின்சார ரயிலின் காற்றில் வைத்தீஸ்வரனின் வேட்டி பாய்மரமாக விரிந்தது. அதற்குப் பிறகு லாசரஸ் வீட்டு வாசல்வரை பெடலை மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"யாரது, ராணியைத் தொலைச்சவனா?" என்றார் லாசரஸ் படுக்கையிலிருந்து.

"சிப்பாயைத்தாண்டா நகர்த்தினேன்." வைத்தீஸ்வரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் கையாலேயே காயை நகர்த்தினார். அந்த நேரம் பார்த்து லாசரஸுக்கு வலி வந்தது. கட்டிலைப் பற்றிய அந்த விரல்களை வைத்தீஸ்வரன் பார்த்தார். "ஊசி போட்டுக்கோடா."

"நான் தூங்கினா நீ எழுந்து போயிடுவே."

"போனா, டீச்சர் மறுபடியும் கேரியர்ல ஏத்திடுவாங்க. அதுக்கு இங்கேயே கிடக்கலாம்."

லாசரஸ், ஊசியோடு நின்ற சாராள் பக்கம் கையை நீட்டினார்.

ஆறு மணி நேரம் அடித்துப்போட்டதுபோல் தூங்கினார். கண் விழித்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. அதே நாற்காலியில், ஆறிய காப்பியோடு வைத்தீஸ்வரன்.

"உன் ஆட்டம்டா, லாசரஸ்."