திருப்பதியைப் புகழ்ந்த நாள்

எங்கள் வீட்டில் சண்டை என்றால் அது ஊர்ச் சண்டைதான். நான் சித்தூர்க்காரன், மனைவி திருப்பதிக்காரி. நடுவே பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஆனாலும் கல்யாணத்தன்று அவள் அழுததைப் பார்த்தவர்கள், பெண்ணை அந்தமானுக்கு அனுப்புகிறார்கள் என்றே நினைத்திருப்பார்கள்.

என் கட்சிக்கு இருந்த ஒரே பலம், திருப்பதிக்கும் சேர்த்துச் சித்தூரில் இருந்த கலெக்டர் ஆபீஸ். மலைமேல் பெருமாளே இருந்தாலும் பட்டா விவகாரத்துக்கு எங்கள் ஊருக்குத்தான் வரவேண்டும் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் அவள் தெலுங்கு மரியாதையோடு எனக்கு வைத்த பெயர் ‘கலெக்டர் காரு’. திருப்பதியில் ஊர்க்காரன் என்று யாருமே இல்லை, பாதிப்பேர் லாட்ஜில் தங்குகிறவர்கள், மீதிப்பேர் லாட்ஜ் நடத்துகிறவர்கள் என்பேன். பெங்களூர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவர்களுக்குச் சித்தூர் என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாது என்பாள். மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதிக்கும் ஒரு கலெக்டரைக் கொடுத்த அன்று கேசரி கிண்டினாள். தோற்றவனுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அதில் முந்திரி கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

பிறகு அவளுக்கு உடம்பு முடியாமல் போனது. இருமல் நாலு நாள் நீடித்தாலே சித்தூர்க்காரனின் கால் தானாக வேலூர் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பும். நாங்களும் போனோம், மாதக்கணக்கில் போனோம். கடைசியில் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, இனி மருந்தால் ஆவது ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே பெஞ்சில் இருந்தவளிடம், மாத்திரையை மாற்றியிருக்கிறார் என்றேன். அவளுக்குத் தெரியக்கூடாது, எனக்கு மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான். அதை நன்றாகச் செய்வதாக ஒரு கர்வம்கூட இருந்தது. நாலு பேரைச் சிரிக்கவைக்க எழுதுகிறவனுக்கு முகத்தை மாற்றாமல் பொய் சொல்லவா தெரியாது?

திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில் தன் தம்பி வீட்டில் கொஞ்ச நாள் இருக்க ஆசைப்பட்டாள். கார் வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். சந்திரகிரி தாண்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். திருப்பதிக்குள் நுழைந்ததும் டிரைவரை மெதுவாகப் போகச் சொல்லி, புது மேம்பாலத்தை ஏதோ தன் கைக்காசில் கட்டியதைப்போல எனக்குக் காட்டினாள்.

“பாருங்க கலெக்டர் காரு. உங்க ஊர்ல இந்த மாரி பாலம் கீதா?”

இந்த இடத்தில் நான் பேசவேண்டிய வசனம் எனக்கு மனப்பாடம். ஊர்க்காரனே இல்லாத ஊரில் பாலம் யாருக்கு என்று கேட்டிருக்கவேண்டும். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்க, அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

“நல்லாத்தான் கட்டிக்கீறாங்க. ஊருன்னா உங்க ஊருதான்” என்றேன்.

கொஞ்ச தூரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு டிரைவர் காதில் விழாத குரலில் கேட்டாள்.

“டாக்டரு இன்னா சொன்னாரு?”

“மாத்திரைய மாத்திட்டாருன்னு சொன்னனே.”

“சரி” என்றாள். சற்றுப் பொறுத்து, “தம்பிகிட்ட சொல்லிடாதீங்க. அவன் தாங்கமாட்டான்.”

கல்யாணமானதிலிருந்து நான் அவள் ஊரைப் புகழ்ந்தது அந்த ஒரு முறைதான். டாக்டரிடம் கேட்டு நான் ஒளித்து வைத்திருந்ததை அந்த ஒரு வாக்கியத்தில் அவளிடம் கொடுத்துவிட்டேன்.

தம்பி வீட்டில் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இரண்டு வாய் குடித்துவிட்டு, சித்தூர்த் தண்ணீரின் ருசி இதில் இல்லை என்றாள். எங்கள் தெருவில் கோடை முழுக்கக் குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நின்றவள் அவள். அக்கா கட்சி மாறிவிட்டாள் என்று தம்பி சிரித்தான். அவளும் சிரித்தாள், என்னைப் பார்த்து. நான் செருப்பைத் தேடுகிறவனைப்போல வாசலுக்குப் போனேன்.