ஃப்ரீசரில் வைத்த ஊசி மருந்து

வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் ஃபோன் எடுப்பது அவள் வேலை. ஆபீஸில் எல்லோருக்கும் அவள் புகார் அக்கா. "நான் ஒண்ணும் பண்ணலைங்க, அதுவா நின்னுடுச்சு" என்பதை ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறாளோ, கடவுளுக்கே வெளிச்சம். ஒண்ணும் பண்ணாதவர் வீட்டு மெஷினைத் திறந்தால் உள்ளே சாவிக்கொத்து கிடக்கும். அதற்குள் அவர் பேச்சை நம்பிய மெக்கானிக் நல்ல மோட்டாரைக் கழற்றி எறிந்திருப்பார்.

அப்படிப்பட்டவள், குழந்தைக்காக வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்ததும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வாள். காரணம், நர்ஸம்மா. லேட்டாக வந்தாலும் திட்டு, சீக்கிரம் வந்தாலும் திட்டு. "இப்படி இருந்தா எப்படிம்மா குழந்தை நிக்கும்?" என்று ஒரே கேள்வியில் ஆளைக் கூனிக் குறுக வைத்துவிடுவார். வெளியே வரிசையில் ஆயிரம் புலம்பும் பெண்கள்கூட உள்ளே போனதும், "ஊசியெல்லாம் சரியா போட்டுட்டேன் சிஸ்டர்" என்பார்கள்.

கருமுட்டை வளர்வதற்கான ஊசி மருந்தை இந்த முறை வாங்கி வந்தது அவள் கணவன். ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார்கள். ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் விசேஷம் என்று அவனாக முடிவு செய்துவிட்டான். மருந்து கல்லாகிவிட்டது. இளக வைத்துப் போட்டுக்கொண்டாள்.

"அங்க சொல்லித் தொலைக்காத. அந்தம்மா திட்டியே கொன்னுடும்" என்றான். அவளும் தலையாட்டினாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "போன தடவையும் சரியா வரல. இந்தத் தடவை வளரவே இல்ல. மருந்தெல்லாம் ஒழுங்கா போட்டீங்கல்ல?"

"நாங்க ஒரு தப்பும் பண்ணல டாக்டர்" என்றான் கணவன்.

"அப்போ உங்க முட்டைய நம்பிப் பிரயோஜனம் இல்லம்மா. வேற ஒருத்தரோட முட்டைய வச்சுப் பண்றதப் பத்தி யோசிங்க" என்றபடி எழுதத் தொடங்கினார்.

அவளுக்குக் கணவனின் பதிலை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. தினமும் கேட்பதுதான்.

"டாக்டர், மருந்து ஃப்ரீசர்ல உறைஞ்சு போச்சு. இளக வச்சுதான் போட்டோம்."

பக்கத்தில் நின்ற நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார். "உறைஞ்சா வீணாப் போயிடும்மா! படிச்சவங்கதானே நீங்க?" எதிர்பார்த்ததைவிடத் திட்டு தாராளமாகவே கிடைத்தது.

டாக்டர் கையைக் காட்டி அதை நிறுத்திவிட்டு, எழுதியதை அடித்தார். "அப்போ இந்த மாசம் கணக்குலயே வராது. தப்பு மருந்துல. உங்க முட்டைய வச்சே இன்னொரு தடவை பார்ப்போம்."

அவள் தேம்பித் தேம்பி அழுதாள். ஒரு மாதம் வீணானதற்கு அழுகிறாள் என்று நினைத்து, கணவன் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டான். அவள் அதற்கு அழவில்லை. தப்பு அவள் உடம்பில் இல்லை, வேறெதிலோ என்று அந்த அறையில் ஒருவர் சொன்னது அன்றுதான் முதல் முறை.