முன்னால் கிளம்பிய பை

டெக்சாஸில், ஆலன் நகரத்து டிராவல் ஆபீஸ் ஒன்றில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். குரூப் டூரில் எது கஷ்டம், விசாவா, ஹோட்டலா, சாப்பாடா என்று புதிதாகச் சேருபவர்கள் கேட்பார்கள். பை என்பேன்.

நான் தனியாக அழைத்துப்போன முதல் குரூப் கிரீஸுக்கு. பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து ஆலனுக்கு வந்திருந்த அப்பா அம்மாக்கள் எட்டுப் பேர். அதுவரை நான் டிக்கெட் போடும் டெஸ்க்கில் இருந்தவள். மேனேஜர் ரவி சார் அனுப்பும்போதே சொல்லிவிட்டார்: "ஒரு சொதப்பல் ஆனாலும் திரும்ப டெஸ்க்தான் மாலா."

குரூப்பில் ஈரோட்டு சுந்தரம் அங்கிள் தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். தன் கையில் ஒரு காகிதம்கூடத் தொலைந்ததில்லை என்று சொல்லி எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கித் தன் நீலப் பையில் வைத்துக்கொண்டார். என்னுடையதையும் கொடுத்தேன். என் புத்தி அன்றைக்கு அவ்வளவுதான்.

நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை. நாக்ஸோஸ் தீவிலிருந்து மூன்றரை மணிக்குக் கிளம்பும் ஃபெரியில் சான்டோரினி போகவேண்டும். மறுநாள் அங்கிருந்து ஆலன் திரும்ப ஃப்ளைட். செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை ராகு காலம் என்று அங்கிள் காலையிலிருந்தே முனகினார். டெக்சாஸில் அப்போது காலை நேரம்தான் என்று சமாளித்துப் பார்த்தேன். நிற்கிற ஊர் நேரம்தான் கணக்கு என்றுவிட்டார்.

மூன்றேகாலுக்கு மலர்ந்த முகத்தோடு வந்தார். "இனி எப்ப ஏறுனாலும் பரவால்ல கண்ணு. மூணு மணிக்கு முன்னாடியே பரஸ்தானம் வெச்சாச்சு."

நல்ல நேரத்தில் ஒரு பையை மட்டும் முன்னால் வேறிடத்தில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகவே கணக்கு. அதுதான் பரஸ்தானம். வழக்கமாகப் பக்கத்து வீட்டில் வைப்பார்கள்.

"எங்க வெச்சீங்க அங்கிள்?"

"கப்பல்லதான். உள்ள ரேக் இருந்துச்சு, எல்லாரும் அடுக்குனாங்க, நானும் வெச்சிட்டு எறங்கிட்டேன்."

எங்கள் கப்பல் இன்னும் வரவேயில்லை. அவர் நீலப் பையை வைத்தது பாரோஸ் தீவு வழியாக ஏதென்ஸ் பக்கம் போகும் கப்பல். அது தூரத்தில் தீப்பெட்டி அளவில் தெரிந்தது.

அமெரிக்க விசா உள்ள ஒன்பது பாஸ்போர்ட் அந்தப் பையில் இருக்கிறது. கத்திவிட்டேன். அங்கிள் முகம் சுருங்கிப்போனது. அவர் மனைவி கோமதி ஆன்ட்டி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "முப்பத்தஞ்சு வருசமா என்ற பை இப்படித்தான் அடுத்தவங்க ஊட்ல கெடக்குது. வந்துரும் கண்ணு."

டிக்கெட் ஆபீஸ் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். நீலப் பை என்பது புரிந்தது. ராகு காலம் புரியவில்லை. கப்பலுக்கு ஃபோன் போட்டாள். அதற்குள் எங்கள் கப்பல் வந்து, நின்று, எங்களை விட்டுவிட்டுப் போனது. அந்த நேரம் பார்த்து ரவி சார் கூப்பிட்டார்.

"எல்லாரும் ஏறியாச்சா மாலா?"

"பை ஏறிடுச்சு சார்," என்றேன். பொய் சொல்லவில்லை.

பாரோஸில் பையை இறக்கி, அங்கிருந்து சான்டோரினி போகும் அடுத்த கப்பலில் ஏற்றிவிட்டதாக அந்தப் பெண் சொன்னதும்தான் மூச்சு வந்தது. அந்தக் கப்பல் ஆறு மணிக்கு நாக்ஸோஸ் வந்தது. எங்கள் டிக்கெட்டையும் அதற்கே மாற்றிக்கொண்டு ஏறினோம். சான்டோரினி என்று எழுதிய ரேக்கில் நீலப் பை தனியாக உட்கார்ந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஒன்பதும் இருந்தன. அழுதேவிட்டேன். கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

அங்கிள் மெதுவாகச் சொன்னார்: "ராகு காலமும் முடிஞ்சுது, பையும் நமக்கு முன்னாடியே ஏறி வந்திருக்குது. பரஸ்தானம்னா இதுதானுங் கண்ணு."

பையை அவரிடம் கொடுக்காமல் என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து பாஸ்போர்ட்டெல்லாம் என் இடுப்புப் பையில்தான். கிளம்பும் நேரம் சரியில்லை என்று யாராவது முனகினால், சீப்பும் துண்டும் போட்ட பை ஒன்றைத் துறைமுகக் காபிக் கடையில் நானே வைத்துவிட்டு வருகிறேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தச் சீப்புப் பையை வைக்கத் தொடங்கியபிறகு ஒரு கப்பலையும் நான் தவறவிட்டதில்லை.