நஷ்வாவுக்காக ஒரு குலவை

அலெக்ஸாண்ட்ரியாவில் எங்கள் தெருவுக்கு மணப்பெண் அலங்காரம் என்றால் நஷ்வாதான். கடை அவளுடையது. நான் அவளிடம் வேலை செய்கிறேன். என் வாயைத் தவிர மற்றதெல்லாம் அவள் சொன்னபடி கேட்கும். அவளுக்கு வயது முப்பத்துநான்கு, கல்யாணம் ஆகவில்லை. மாதவிலக்கு வந்தால் போதும், மணப்பெண் தலையில் கொண்டை ஊசிகளில் பாதியைக் குத்திவிட்டு, மீதியை வாயில் கவ்வியபடியே தரையில் சுருண்டுவிடுவாள்.

அவள் அம்மா இன்ஷிராஹ் அந்த வலியை நம்பவே மாட்டாள். "எனக்கும்தான் வந்துச்சு. நான் என்ன தரையிலயா உருண்டேன்? லவங்கப்பட்டைத் தண்ணி குடிச்சிட்டு வேலையப் பாரு. கல்யாணம் பண்ணா எல்லாம் பறந்துடும். வர்ற மாப்பிள்ளையத் தட்டிக்கழிக்க உனக்கு இது ஒரு சாக்கு!" பெற்றவளே இப்படிப் பேசினால் யாருக்குத்தான் எரியாது? எனக்கு எரிந்தது.

கடைசியில் டாக்டர் சிஹாம்தான் கண்டுபிடித்தார். எண்டோமெட்ரியோசிஸாம். கருப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வு போன்ற ஒன்று வெளியே முளைத்து, சினைப்பையையும் குடலையும் ஒட்டவைத்திருக்கலாம், ரோபோ வைத்து ஆபரேஷன் செய்து பார்த்துவிடலாம் என்றார். நஷ்வாவுக்கு ரோபோவைப் பற்றிப் பயமில்லை. "உள்ள பாத்துட்டு ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டா? அம்மா சொன்னதுதான் சரின்னு ஆயிடும்டி" என்றாள் என்னிடம்.

இன்ஷிராஹுக்கோ தெருவைப் பற்றிய பயம். கல்யாணமாகாத பெண்ணுக்குப் பெண்கள் டாக்டரிடம் என்ன வேலை என்று கேட்பார்களே! அதனால் குடல்வால் ஆபரேஷன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். மிச்சமிருந்த கோபத்தை டாக்டரிடம் காட்டினாள்.

"நீங்க மூலையில உக்காந்து பெட்டிக்குள்ள மூஞ்சிய விட்டுக்குவீங்களாமே. அப்ப என் பிள்ளைய வெட்டுறது யாரு?"

"நான்தான், ஹாஜியம்மா. என் கை அசைஞ்சாத்தான் அதோட கை அசையும்."

"நடுவுல தும்மல் வந்தா?"

"நான் முகத்தை எடுத்துட்டா மெஷின் அப்படியே நின்னுடும்."

"அதோட சேந்து என் இதயமும் நின்னுடும்!"

ஆபரேஷன் அன்று பாதித் தெரு சட்டி சட்டியாகக் கோழி சூப்போடு ஆஸ்பத்திரியில் வந்து இறங்கியது. வந்தவர்கள் சுவரில் இருந்த குழந்தைப் படங்களைப் பார்த்தார்கள். பிறகு இன்ஷிராஹைப் பார்த்தார்கள்.

"குடல்வாலை பிரசவ வார்டுலயா எடுக்கிறாங்க?" என்றாள் எதிர்வீட்டு பஹிய்யா.

"மத்த வார்டுல இடமில்ல" என்றாள் இன்ஷிராஹ், கூரையைப் பார்த்தபடி.

டாக்டர் வெளியே வந்ததும் இன்ஷிராஹையும் என்னையும் தனியறைக்கு அழைத்துப் போய்த் திரையில் படத்தைக் காட்டினார். "பாருங்க, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடந்தது. பிரிச்சு எடுத்தாச்சு. சினைப்பையையும் காப்பாத்தியாச்சு. இவ்வளவு வலிய இவ எப்படித் தாங்கினாளோ!"

இன்ஷிராஹ் அந்தக் கறுப்புத் திட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விடுவிடுவென்று நடைபாதைக்குப் போய், கல்யாண வீடு தோற்றுப்போகும்படி ஒரு குலவை விட்டாள். நர்ஸுகள் ஓடிவந்தார்கள். பக்கத்து அறைக் கிழவர் ஒருவர் எட்டிப்பார்த்து, "மாஷா அல்லாஹ்! ஆணா, பொண்ணா?" என்றார். பஹிய்யாவின் புருவம் முக்காட்டுக்குள் ஏறிவிட்டது.

"நோய்!" என்று கத்தினாள் இன்ஷிராஹ். "பொம்பளைங்களுக்கு வர்ற நோய்! குடல்வாலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. படத்துல பாத்துட்டேன். என் பொண்ணு பொய் சொல்லல!"

நஷ்வா கண் விழித்ததும், "ஏதாவது இருந்துச்சா?" என்றுதான் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இன்ஷிராஹ் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "இருந்துச்சுடி, என் கண்ணே. நீ சொன்ன நாள்லேர்ந்தே இருந்துச்சு."