தகயாமாவில் கடை பூட்டும் நேரம்

என் வீட்டுக்காரர் வாமதேவனுக்கு ஊர் பார்ப்பதென்றால் கடை பார்ப்பதுதான். பாரிசில் ரூ காய் தெருவில் எத்தனையோ வருடமாக மரக்கறிக் கடை வைத்திருக்கிறவர் வேறு எதைப் பார்ப்பார்? யப்பானில் தகயாமா என்ற பழைய நகரத்துக்குப் போயும், கறுத்த மரவீடுகள் நிறைந்த அந்தக் கடைத்தெருவில் வாசலுக்கு வாசல் நின்றார். ஒரு மதுக்கடை முகப்பில் இலைகளால் கட்டிய பெரிய பந்து தொங்கியது. "கண்ணூறுக்குக் கட்டியிருக்கிறாங்கள்" என்று எனக்கு விளக்கம் வேறு.

பயணத்தை ஒழுங்குபடுத்தியவள் மகள் சாம்பவி. அவள் கட்டப்போகும் பிராங்க் பாரிசுக்குப் பக்கத்துப் பொபினியில் வளர்ந்த பாண்டிச்சேரிப் பிள்ளை, கத்தோலிக்கன். தமிழ்ப் பிள்ளைதானே என்று நான் எவ்வளவு சொல்லியும் இவர் முறுக்கிக்கொண்டு நின்று, கடைசியில் "சரி, உன்ர விருப்பம்" என்றார். அந்தச் சரி வாயளவில்தானோ என்று அவளுக்குப் பயம். நாள் குறிக்க மனம் வரவில்லை.

"ஒரு கிழமை நாலு பேரும் ஒண்டாத் திரிவம், அம்மா. அப்பா அவரை வீட்டுப்பிள்ளையாப் பாக்கிறாரோ எண்டு எனக்குத் தெரியவேணும்" என்றாள். அதனால் நான் யப்பானைப் பார்த்ததைவிட இவர் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

பழுதில்லை என்றுதான் இருந்தது. பிராங்க் "மாமா, மாமா" என்று பின்னால் திரிந்தான். இவரும் குச்சியில் சுட்ட சோற்றுக்கட்டியில் பாதியைப் பிய்த்து அவனுக்குக் கொடுத்தார். எனக்கு உயிர் வந்தது.

அன்று இன்னும் பொழுது சாயவில்லை. ஒரு கடையில் மரக்கதவை இழுத்துச் சாத்தினார்கள். பிறகு அடுத்த கடை, எதிர்க்கடை. வாசலில் தொங்கிய துணிகள் உள்ளே போயின. தெருவில் சனமும் இல்லை, சத்தமும் இல்லை. அங்கே அது கடை பூட்டும் நேரம், அவ்வளவுதான். ஆனால் எங்கள் காலத்து யாழ்ப்பாணத்தில் கடைகள் ஒன்றாகச் சாத்தினால் ஆமி வருகிறான் என்று அர்த்தம். ஏன் என்று கேட்டு நின்றவர்களில் பலர் வீடு திரும்பவில்லை.

இவர் முகம் வெளிறிவிட்டது. ஒரு கையால் என்னையும் மறுகையால் சாம்பவியையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். பக்கத்து ஒழுங்கைக்குள் எங்களைச் சுவரோடு தள்ளி, முன்னால் மறைத்து நின்றார்.

நடுத்தெருவில் தனியே நின்ற பிராங்க் திகைத்து, பிறகு ஓடிவந்தான். "மாமா, என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

இவருக்கு அப்போதுதான் எங்கே நிற்கிறோம் என்று விளங்கியது. மகளைப் பார்த்தார். அவள் ஒன்றும் கேட்கமுன்னமே, "கை ரெண்டுதானே, பிள்ளை" என்றார்.

கோபம் வந்தால் சாம்பவி பிரெஞ்சில்தான் கத்துவாள். அன்று தமிழில், மெதுவாகச் சொன்னாள்.

"வாய் இருந்ததே, அப்பா. ஓடி வா எண்டு அவரை ஒருக்காக் கூப்பிட்டிருக்கலாம்."

பிராங்க்கின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். எனக்கு இவரில் இரக்கமாகவும் இருந்தது, பிடித்து உலுப்பவேண்டும் போலவும் இருந்தது. உயிருக்குப் பயந்து ஓடிய மனுசனிடம் நியாயம் கேட்கலாமா? ஆனால் கட்டப்போகிறவள் அவள். அவள் கேட்கத்தான் செய்வாள்.

கடைசிக் கடையும் பூட்டியாயிற்று. திடீரென்று இவர், "பிராங்க்! நில்லு, நானும் வாறன்!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார்.

பிராங்க் திரும்பினான். சாம்பவி திரும்பவில்லை.